அந்தக் கௌபாய் ஏன் திடீரென்று பாடுகிறான்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 1938-இல் வந்த ‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை இணையத்தில் இலவசமாகப் பார்த்திருக்கிறீர்கள். குதிரையில் வருகிற நாயகன், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்ட ஒரு கம்பெனியை எதிர்த்து, தேர்தலில் நின்று ஜெயித்து வாஷிங்டனுக்குப் போகிறான். அங்கே ஒரு விருந்தில் புழுதிப் புயல் காட்சிகளைத் திரையிட்டுக் கூடவே பாடுகிறான். ஊரில் கார் ஓடுகிறது, ஆனால் இடுப்பில் துப்பாக்கியும் தொங்குகிறது. 54 நிமிடத்தில் படமே முடிந்துவிடுகிறது. “இது எந்தக் காலத்துக் கதை? சண்டைக்கு நடுவில் ஏன் பாட்டு? காசு இல்லாததால்தான் இப்படி எடுத்தார்களா? நம்ம ஜெய்சங்கர் கௌபாய் படங்களுக்கு இதுதான் மூலமா?” என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நாலுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இவ்வளவு மலிவாக, இவ்வளவு அவசரமாகச் செய்த படத்துக்குப் பின்னால் யோசனை என்று ஏதாவது இருந்ததா, அல்லது கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒட்டினார்களா? யோசனை இருந்தது. அந்த யோசனையின் நடுவில் இருப்பதே நீங்கள் தொந்தரவாக நினைக்கிற அந்தப் பாட்டுதான்.

நான் சினிமா சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் எடிட்டிங் அறையில் இருந்தவன். முதல் பாதி மூவியோலா என்ற பழைய ஃபிலிம் எடிட்டிங் இயந்திரத்தில், பிறகு கம்ப்யூட்டரில். பழைய கௌபாய் படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது, ஏனென்றால் குறைந்த ஃபிலிமில் கதை சொல்வது எப்படி என்று அவற்றைவிட நன்றாகக் காட்டுகிற பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே கீழே வருவதில் இரண்டு வகை இருக்கும். பெயர், வருடம், வழக்கு, ஒப்பந்தம் எல்லாம் பதிவில் உள்ளவை. ‘இதனால்தான் இப்படி வெட்டியிருக்கிறார்கள்’ என்று நான் சொல்கிற இடங்கள் என் தொழில் அனுபவத்திலிருந்து வருகிற ஊகம். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காசு. 1930-களில் அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் இருந்தது. தியேட்டருக்கு ஆள் வரவில்லை. அதனால் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம், கூடவே கார்ட்டூன், செய்திப்படம், சில ஊர்களில் தொடர்படத்தின் ஒரு பகுதி என்று அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டில் பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. சின்ன படத்துக்கு நிலையான வாடகை, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். வாடகை நிலையானது என்றால், படம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் தயாரிப்பாளருக்கு வருகிற தொகைக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. கூரை தெரிந்துவிட்டால் செலவை அதற்குக் கீழே அடக்கியாக வேண்டும். லாபம் முழுக்கச் செலவைக் குறைப்பதில்தான்.

அப்படி அடக்குவதில் தேர்ந்தவர்கள் ரிபப்ளிக் பிக்சர்ஸ். அதன் தலைவர் ஹெர்பர்ட் யேட்ஸ் ஒரு ஃபிலிம் லேப் முதலாளி. சின்னச் சின்னத் தயாரிப்பு நிறுவனங்கள் பல அவருடைய லேபுக்குக் கடன் வைத்திருந்தன. 1935-இல் அவற்றைச் சேர்த்து ஒரே கம்பெனியாக்கினார், மாஸ்காட்டும் மோனோகிராமும் அதில் அடக்கம். பின்னாளில் ரிபப்ளிக் தன் படங்களை நாலு தரமாகப் பிரித்தது. கடைசித் தரத்துக்கு ‘ஜூபிலி’ என்று பெயர். ஏழு நாள் படப்பிடிப்பு, செலவு சுமார் 50,000 டாலர். கௌபாய் படங்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறந்தன. ஒரு மணி நேரப் படத்தை ஏழு நாளில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது நிமிடம் உபயோகமான காட்சி தேற வேண்டும். என் அனுபவத்தில் நிதானமாக எடுக்கிற யூனிட்டுக்கு ஒரு நாளில் இரண்டு நிமிடம் தேறினாலே நல்ல நாள்.

இப்போது அந்த எட்டு நிமிடத்தை எடிட்டர் கண்ணால் பாருங்கள். குதிரைத் துரத்தல் ஒரு நிமிடம் வேண்டுமென்றால் இருபது முப்பது ஷாட் வேண்டும். கேமராவை வண்டியில் ஏற்றி, குதிரைகளுக்குப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். ஒரு குதிரை மிரண்டால் மறுபடி முதலிலிருந்து. புழுதி அடங்கக் காத்திருக்க வேண்டும். சூரியன் நகர்ந்தால் நிழல் ஒட்டாது. ஸ்டண்ட் ஆட்களுக்குத் தனிச் சம்பளம். ஒரு பாட்டுக்கு என்ன வேண்டும்? கணப்பைச் சுற்றி ஐந்து பேர். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்தாகிவிட்டது. அதை ஒலிக்கவிட்டு வாயசைத்தால் போதும். பொதுவாக ஒரு ஷாட், பாடுகிறவன் முகம் ஒரு ஷாட், கேட்கிற பெண் ஒரு ஷாட், வேடிக்கைத் துணைவன் ஒரு ஷாட். அரை நாளில் இரண்டரை நிமிடம் கையில் வந்துவிடும். படத்தில் ஆறு பாட்டு என்றால் பதினைந்து நிமிடம், அதாவது கால்வாசிப் படம். மிச்சமான நாட்களைத் துரத்தலுக்கும் சண்டைக்கும் கொடுக்கலாம். இது என் கணக்கு, ரிபப்ளிக்கின் கணக்குப் புத்தகத்தில் பார்த்ததல்ல. ஆனால் எடிட்டிங் மேஜையில் அந்தப் படங்களை ஷாட் ஷாட்டாக எண்ணிப் பார்த்தால் இந்த ஏற்றத்தாழ்வு அப்பட்டமாகத் தெரியும். பாட்டில் ஷாட் நீளம், சண்டையில் ஷாட் குட்டை. கதையை நிறுத்திவிட்டுப் பாட்டு என்று நீங்கள் சொல்கிறீர்கள். பாட்டுதான் துரத்தலுக்குக் காசு கொடுத்தது என்பது என் எண்ணம்.

சரி, சிக்கனம் மட்டும்தான் காரணமா? அப்படியானால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆறு பேர் பேசுகிற காட்சியும் மலிவுதானே, அதை வைத்திருக்கலாமே. பாட்டை வைத்ததற்கு இன்னொரு காரணம் உண்டு, அதன் பெயர் ரேடியோ. சிகாகோவில் டபிள்யூ.எல்.எஸ். என்றொரு வானொலி நிலையம். அதன் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியான ‘நேஷனல் பார்ன் டான்ஸ்’ கிராமத்துப் பண்ணை வீடுகளிலெல்லாம் ஒலித்தது. அதில் பாடிப் பிரபலமானவர் ஜீன் ஆட்ரி. டெக்சாஸில் பிறந்தவர், ஓக்லஹோமாவில் ரயில்வே தந்தி ஆபரேட்டராக இருந்தவர். அவர் பெயர் போட்ட கிடாரை சியர்ஸ் கம்பெனி தபால் வழியில் விற்றுக்கொண்டிருந்தது. சினிமாவில் முகம் காட்டுவதற்கு முன்பே அவர் குரல் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போய்விட்டது. சின்னக் கம்பெனிக்கு விளம்பரச் செலவு செய்ய வழியில்லை. விளம்பரம் ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒரு ஆள் கிடைத்தால் விடுவார்களா? மாஸ்காட் கம்பெனியின் நாட் லெவின் 1934-இல் ஒரு படத்தில் அவரைச் சில நிமிடம் பாடவிட்டார். அடுத்து 1935-இல் 12 பாகத் தொடர்படம். அதில் நிலத்துக்கு அடியில் ஒரு எதிர்கால நகரம், ரோபோ எல்லாம் உண்டு. நாயகன் தினமும் மேலே வந்து ரேடியோவில் பாடிவிட்டுப் போக வேண்டும், தவறினால் பண்ணை கைவிட்டுப் போய்விடும்! அதே வருடம் ரிபப்ளிக்கில் ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ வந்தது. பாடும் கௌபாய் என்ற வகை அங்கிருந்துதான் வேரூன்றியது.

“இந்த யோசனை யாருடையது?” என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. லெவின் பெயரும் சொல்கிறார்கள், யேட்ஸ் பெயரும் சொல்கிறார்கள். வெற்றிக்குத் தகப்பன்மார் நிறைய. ‘முதல் பாடும் கௌபாய்’ ஆட்ரி என்று எழுதுவதும் தவறு. கென் மேனார்ட் 1929-லேயே படத்தில் பாடிவிட்டார். ஜான் வெய்ன்கூட 1933-இல் ‘ரைடர்ஸ் ஆஃப் டெஸ்டினி’யில் பாடும் கௌபாயாக வந்தார். அவருக்குப் பாட வராது, அதனால் இரவல் குரல். அந்தக் குரல் யாருடையது என்பதில் இன்னமும் சர்ச்சை உண்டு, இயக்குநரின் மகன் பாடியது என்பதே பெரும்பாலோர் ஏற்பது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது இதுதான்: அவர்கள் கௌபாய்கள், இடையில் பாடினார்கள். ஆட்ரி பாடகர், இடையில் கௌபாயாக நடித்தார். குரலை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிப் படத்தைக் கட்டுவது அவரிடமிருந்துதான் தொடங்கியது.

இனி நீங்கள் பார்த்த படம். அது முதலில், அதில் நாயகனாக வருகிற ராய் ராஜர்ஸுக்காக எழுதிய படமே இல்லை. ஆட்ரிக்காகத் தயாரான கதை, ‘வாஷிங்டன் கௌபாய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1938 தொடக்கத்தில் ஆட்ரி ஸ்டுடியோவுக்கு வர மறுத்துவிட்டார். சம்பளம் ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்ரி படம் வேண்டுமென்று கேட்கிற சின்ன ஊர்த் தியேட்டர்காரர்கள் ரிபப்ளிக்கின் மற்ற படங்களையும் சேர்த்தே எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தன் பெயரைக் காட்டி அவர்கள் தலையில் கட்டுவதை ஆட்ரி எதிர்த்தார். யேட்ஸ் அசையவில்லை. ஏற்கெனவே வாரம் 75 டாலருக்கு ஒப்பந்தமாகியிருந்த ஒரு பையனை முன்னால் நிறுத்தினார். ஓஹையோவில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த லியோனார்ட் ஸ்லை. பாப் நோலன், டிம் ஸ்பென்சர் இருவரோடும் சேர்ந்து ‘சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ்’ பாட்டுக்குழுவை ஆரம்பித்தவர். ராய் ராஜர்ஸ் என்று பெயர் மாற்றி நாயகனாக்கினார்கள். அவர் ரிபப்ளிக்குக்குள் நுழைந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. தொப்பிக் கடையில் நின்றபோது ஸ்டுடியோவில் பாடும் கௌபாய் தேடுகிறார்கள் என்று காதில் விழுந்ததாம், மறுநாள் மதியச் சாப்பாடு முடித்துத் திரும்புகிற ஊழியர் கூட்டத்தோடு கலந்து உள்ளே போனாராம். ராஜர்ஸே சொன்ன கதை. நட்சத்திரங்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். 1937 அக்டோபரில் ஒப்பந்தம் ஆனது மட்டும் உறுதி.

காரும் துப்பாக்கியும் சேர்ந்து வருவது பிழையில்லை. அந்தப் படம் நடப்பது 1938-லேயே, அதாவது பார்க்க வந்தவர்களின் நிகழ்காலத்தில். ஆட்ரி, ராஜர்ஸ் படங்கள் பலவும் இப்படித்தான். குதிரையும் தொப்பியும் பழைய மேற்கு, பிரச்சினை அன்றைய செய்தித்தாள். வில்லன்கள் பெரும்பாலும் வங்கிக்காரர், நில வியாபாரி, எண்ணெய்க் கம்பெனி, தண்ணீர்க் கம்பெனி. யார் பார்த்தார்கள் என்று யோசித்தால் காரணம் விளங்கும். நியூயார்க்கில் விமர்சகர்கள் பெரும்பாலும் இந்தப் படங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெற்கிலும் மத்திய மேற்கிலும் இருந்த சின்ன ஊர்க்காரர்கள்தான் சனிக்கிழமை குடும்பத்தோடு வந்தார்கள். அந்த ஊர்களில்தான் 1930-களில் மழை பொய்த்தது, உழுது கிளறிய மேல்மண் காற்றில் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14-ஆம் தேதியைக் ‘கறுப்பு ஞாயிறு’ என்றே சொல்கிறார்கள். பகல் இருட்டாகும் அளவுக்குப் புழுதிச் சுவர் எழும்பி வந்த நாள். கடன் கட்ட முடியாமல் நிலத்தை விட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். ராஜர்ஸின் குடும்பம் புழுதிக்காகக் கிளம்பியதல்ல, ஆனால் அவரும் 1930 வாக்கில் பழைய வண்டியில் கலிபோர்னியா வந்து, லாரி ஓட்டி, பீச் பழம் பறித்து, கூலிகளின் முகாமில் தங்கியவர்தான். திரையில் அவர் தண்ணீருக்காகப் பேசும்போது அந்த முகத்தில் பாசாங்கு இல்லாததை நான் ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன்.

அந்த விருந்துக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் வறண்ட வயல், மண் மூடிய வீடு, செத்த மாடு. நாயகன் துப்பாக்கியைத் தொடவில்லை. பாடுகிறான். அந்தப் பாட்டின் பெயரே ‘டஸ்ட்’, புழுதி. ஜான்னி மார்வின் எழுதியது, அந்த ஆண்டு சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு வாரத்தில் எடுக்கிற வகைப் படத்தின் பாட்டு, பெரிய ஸ்டுடியோக்களின் பாட்டுகளோடு ஒரே பட்டியலில்! எடிட்டராக எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் வேறு. புழுதிக் காட்சிகளைப் புதிதாக எடுக்க ரிபப்ளிக்கிடம் பணமும் நேரமும் கிடையாது. செய்திப்படம் மாதிரியான துண்டுகளில் ஃபிலிமின் புள்ளித்துகள் (கிரெய்ன்) வேறாக, வெளிச்சமும் வேறாக இருக்கும், கதைக்குள் நேராக ஒட்டினால் தையல் தெரியும். அதற்கு என்ன செய்தார்கள்? கதைக்குள்ளேயே ஒரு புரொஜெக்டரை வைத்து, அதைப் படமாகவே காட்டிவிட்டார்கள். தையலை மறைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மேலே ஒரு பாட்டு ஓடுவதால் துண்டுகளுக்கு இடையே இருக்கிற குலுக்கலும் தெரியவில்லை. பணமில்லாத இடத்தில் இப்படி ஒரு தீர்வு தோன்றுவதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். இயக்குநர் ஜோசப் கேன் அதற்கு முன் செலோ வாசித்தவர், பிறகு எடிட்டராக இருந்தவர். பாட்டும் வெட்டும் இரண்டுமே கைவந்த ஆள் என்பதால் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொரு விஷயம், படத்துக்கு வெளியே இருப்பது. தண்ணீருக்காகப் போராடுகிற அந்த மலைப்பாங்கான வெளிக் காட்சிகள் லோன் பைன் என்ற ஊருக்குப் பக்கத்தில் அலபாமா ஹில்ஸ் பாறைகளில் எடுத்தவை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றை 1913-இல் கால்வாய் வெட்டி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தனக்குத் திருப்பிக்கொண்டது. 1920-களில் அங்கிருந்த ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக் காடானது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்ட கம்பெனியை எதிர்க்கும் கதையை, தண்ணீர் பறிபோன மண்ணில் போய், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஊரிலிருந்து வந்த யூனிட் எடுத்திருக்கிறது. யூனிட்டில் எத்தனை பேர் இதை யோசித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. பாறைகள் அழகாக இருந்தன, பின்னால் விட்னி சிகரம் பனியோடு நின்றது, வாடகை குறைவு. இதனால்தான் போயிருப்பார்கள். இருந்தாலும் அந்த ஷாட்டுகளை இப்போது பார்க்கும்போது எனக்கு அந்த ஏரிதான் ஞாபகம் வருகிறது. அதே பாறைகள்தான் ஒரு வருடம் கழித்து ‘கங்கா தின்’ படத்தில் நம் வடமேற்கு எல்லைப்புறமாக நடித்தன.

ஒரே பாறை பல படத்தில் வருவது இதனால்தான். லோன் பைன் வரை போகக் காசில்லாத யூனிட்டுகள் நகரத்துக்குப் பக்கத்திலேயே சாட்ஸ்வொர்த்தில் இருந்த ஐவர்சன் பண்ணைக்குப் போனார்கள். சிவந்த மணற்பாறைகள், ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அந்தப் பண்ணைக்கு நடுவே பிறகு நெடுஞ்சாலை போய்விட்டது. மாட்டு மந்தை மிரண்டு ஓடுவது மாதிரி செலவு பிடிக்கிற காட்சிகளை ஒருமுறை எடுத்துப் பத்துப் படத்தில் போடுவார்கள். கண்டுபிடிக்கச் சுலப வழி: தூர ஷாட்டில் நாயகனின் தொப்பி, சட்டையைப் பாருங்கள், அடுத்த கிட்ட ஷாட்டில் பாருங்கள். இரவுக் காட்சி என்று இருட்டாக இருக்கும், ஆனால் தரையில் நிழல் கூர்மையாக விழும். நடுப்பகலில் ஃபில்டர் போட்டு எடுத்தது, டே ஃபார் நைட். குதிரையும் வாடகைதான். ராஜர்ஸ் ஏறி வருகிற பொன்னிறக் குதிரை டிரிக்கர், ஒரு வாடகை லாயத்துக்குச் சொந்தமானது. அதே 1938-இல் ராபின் ஹூட் படத்தில் ஒலிவியா டி ஹாவிலண்டைச் சுமந்தது. சில வருடம் கழித்து ராஜர்ஸ் 2,500 டாலர் கொடுத்துத் தனக்கே வாங்கிக்கொண்டார்.

“உண்மையான கௌபாய்கள் பாடினார்களா?” என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பேச்சு வந்தால் அடுத்து யாராவது கேட்பார்கள். பாடினார்கள். இரவில் மந்தையைச் சுற்றி வரும்போது மாடுகள் மிரளாமல் இருக்க மெல்லப் பாடுவார்கள் என்பது பலர் எழுதி வைத்தது. ஜான் லோமாக்ஸ் 1910-லேயே கௌபாய் பாட்டுகளைத் தொகுத்து அச்சிட்டிருக்கிறார். ஆனால் திரையில் கேட்கிற இனிய மூன்று குரல் ஒத்திசைவு மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்ததல்ல, ரேடியோவுக்காகப் பயிற்சி செய்தது. ‘டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்’ பாட்டை எழுதிய பாப் நோலன் கனடாவில் பிறந்தவர், அதை எழுதிய காலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்ஃப் மைதானத்தில் மட்டை சுமக்கிற வேலையில் இருந்தார். நல்ல பாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தப் படங்களில் எனக்கு மனம் ஒப்பாத இடமும் அங்கேயே இருக்கிறது. மாடு மேய்த்த தொழிலாளிகளில் கணிசமானவர்கள் கறுப்பர்களும் மெக்சிகோக்காரர்களும். தொழில் வார்த்தைகளே பாதி ஸ்பானிய மொழி. ரோடியோ (குதிரை, மாடு அடக்கும் போட்டி), லாரியட் (சுருக்குக் கயிறு) இரண்டும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் திரையில் மெக்சிகோக்காரர் கொள்ளையராகவோ கோமாளியாகவோ வருவார், கறுப்பர் சமையல்காரராக வருவார். இதற்கு ஒரு பதில் அதே காலத்தில், அதைவிடக் குறைந்த காசில் வந்தது. ஹெர்ப் ஜெஃப்ரிஸ் என்ற ஜாஸ் பாடகர் 1937 முதல் 1939 வரை நாலு படங்களில் கறுப்பர் கௌபாயாகப் பாடி நடித்தார். முதல் படம் ‘ஹார்லெம் ஆன் தி ப்ரெய்ரி’. அவற்றை எடுத்த இடம் விக்டர்வில் பக்கத்தில் ஒரு கறுப்பர் நடத்திய பண்ணை விடுதி. நிறப் பிரிவினை இருந்த ஊர்களில் கறுப்பர் தியேட்டர்களில் ஓடின. ஒளிப்பதிவு சுமார், ஒலி அதைவிடச் சுமார், வேறு படங்களிலிருந்து எடுத்துப் போட்ட ஷாட் நிறைய. ஆனால் வெள்ளைக் குதிரையில் ஒரு கறுப்பு நாயகன் பாடிக்கொண்டு வருவதைப் பார்த்த பையன்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜெஃப்ரிஸ் 2014 வரை, நூறு வயது வரை வாழ்ந்தார். நீங்கள் தொடர்ந்து பார்ப்பதாக இருந்தால் அடுத்த படம் அவருடைய ‘தி ப்ரான்ஸ் பக்கரூ’வாக (வெண்கலக் கௌபாய்) இருக்கட்டும்.

அப்புறம் அந்த 54 நிமிடம். நீங்கள் பார்த்தது முழுப் படம் இல்லை. தியேட்டரில் ஓடியபோது ஏறத்தாழ 65 நிமிடம். டெலிவிஷன் வந்ததும் ரிபப்ளிக் தன் பழைய படங்களை அதற்கு விற்க நினைத்தது. ஒரு மணி நேர இடத்தில் விளம்பரங்களும் அடங்க வேண்டும், ஆகவே 53, 54 நிமிடத்துக்குக் கத்தரி. 1951-இல் ராஜர்ஸ் வழக்குப் போட்டார். அவர் தன் ஒப்பந்தத்தில் சம்பள உயர்வுக்குப் பதிலாகத் தன் பெயர், முகம் இவற்றின் வணிக உரிமையைக் கேட்டு வாங்கியிருந்தார். பொருள் விற்க விளம்பரத்தோடு தன் படத்தை ஓட்டுவது அந்த உரிமையை மீறுவது என்பது அவர் வாதம். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார். 1954-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரிபப்ளிக் பக்கம் திரும்பியது. ஆட்ரியின் வழக்கும் அப்படியே ஆயிற்று, படத்தைச் சுருக்கினால் அது அவருடைய படமாகவே இருக்காது என்ற வாதமும் எடுபடவில்லை. அன்று வெட்டிய பிரதிகள்தான் பல படங்களுக்கு இன்று இணையத்தில் சுற்றுகின்றன. முதலில் கத்தரி விழுவது பாட்டில்தான். இரண்டாவது சரணம் போகும், பாட்டுக்கு முன்னால் யாரோ “ஒரு பாட்டுப் பாடேன்” என்று கேட்கிற இரண்டு வரி வசனம் போகும். பிறகு பார்க்கிறவருக்குப் பாட்டு திடீரென்று குதித்த மாதிரிதானே இருக்கும்? உங்கள் குறையில் ஒரு பங்காவது 1938-இன் தவறில்லை, பிறகு வெட்டியவரின் தவறு. உங்கள் பிரதியில் எந்தெந்த இடம் போயிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் இசை தாளத்தின் நடுவில் தாவுகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கெல்லாம் ஒட்டு இருக்கும். ஆட்ரி பின்னாளில் தன் படங்களைத் தானே வாங்கி, முழு நீளத்துக்குச் சீர்படுத்த ஏற்பாடு செய்தார். அதனால் அவர் படங்களை நல்ல பிரதியில் பார்ப்பது சுலபம். ராஜர்ஸ் படங்களுக்குத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஜெய்சங்கர் படங்கள் இந்தக் கிளையில் வராது. இயக்குநர் கர்ணன் எடுத்த அந்தப் படங்களின் முறைத்த பார்வையும் நெருக்க ஷாட்டும் சவுக்கும் 1960-களின் இத்தாலியக் கௌபாய் படங்களுக்கு உறவு. அவற்றில் பாட்டு இருப்பது நம் சினிமாவின் வழக்கத்தால். இரண்டிலும் கௌபாய் பாடுகிறான் என்றாலும் பாடுகிற காரணம் வேறு.

‘அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்’ படத்தை 2009-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. அதனால் நல்ல பிரதி எங்கோ இருக்க வேண்டும். 65 நிமிடத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை ஷாட், ஒவ்வொரு துரத்தலுக்கும் எத்தனை ஷாட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதை இங்கேயே போட்டால் நான் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து பார்க்கிறேன்.